டிக்கியில் பலாப்பழம்

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பூபதியின் அம்பாசடர் காருக்கு டிக்கி திறக்கவில்லை.

பூபதிக்குத் திருச்செங்கோட்டில், சங்ககிரி போகும் சாலையில் கடை. போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேண்டிய ஓஸ், பெல்ட், பேரிங் எல்லாம் அங்கே கிடைக்கும். கடையை ஒட்டி வீடு, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. கார் அதில்தான் நிற்கும். வெள்ளை நிறம், பழைய மார்க் டூ. ஒரு மில்காரர் வீட்டில் கோழி அடைக்கக் கிடந்ததை வாங்கி வந்து, அவரே பிரித்து, அவரே மாட்டி ஓட வைத்தது. இப்போது கல்யாணப் பிள்ளைகளுக்குப் பழைய கார் என்றால் ஒரு பைத்தியம். அதன் முகப்பில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் தாலி கட்டியதே செல்லாது என்பதுபோல் கேட்கிறார்கள். முகூர்த்த நாளானால் கார் கடையில் நிற்காது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கார் சும்மா நின்றது. அதனால்தான் ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போய்வரத் தங்கை சுகன்யா கேட்டபோது, "எடுத்துட்டுப் போகச் சொல்லு உங்க ஊட்டுக்காரரை" என்று சாவியைக் கொடுத்தார். சுகன்யாவின் கணவர் மாதேஷுக்குப் பள்ளிபாளையம். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார்கள். தறியில் எது கெட்டாலும் மாதேஷே சரிசெய்துவிடுவார். கார் ஓட்டவும் நிதானம். போன அன்று சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அடுத்த நாள் அமாவாசை. ஒவ்வொரு அமாவாசைக்கும் செய்வதுபோல் பூபதி கடைக்கும் காருக்கும் பூசை போட்டார், பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அதற்குப் பிறகு காரை வெளியே எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

இன்று முகூர்த்தத்துக்காக உள்ளே சுத்தம் செய்யலாம் என்று கதவைத் திறந்தார். புளித்த பலாப்பழ வாசம் முகத்தில் அறைந்தது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மாதேஷ் ஏதோ சொன்னார். 'டிக்கில ஒரு பழம் வெச்சிருக்கறனுங்க மச்சான், சுகன்யா குடுக்கச் சொன்னா.' பூபதி போனில் ஒரு ரிக் முதலாளியோடு பெல்ட் விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அத்தோடு மறந்தும் போனார்.

சாவியைப் போட்டார். இழுத்துப் பிடித்து உள்ளே போனது. திரும்பவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார். மூடியைக் கையால் குத்திப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து ஆட்டியதில் கை வலித்ததுதான் மிச்சம்.

மறந்தது தன் தப்பு என்று தெரிந்தது. தெரிந்ததாலேயே கோபம் எகிறியது. கடைக்கு வந்து போனை எடுத்தார். கையெல்லாம் எண்ணெய்க் கறை. போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, விரல் முட்டியால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து டீக்கடை ராசு காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ரிக் டிரைவர்கள் இரண்டு பேர் ஓஸ் வாங்க நின்றிருந்தார்கள்.

போனில் முதலில் தறிச் சத்தம்தான் வந்தது. அதற்கு மேலே மாதேஷின் குரல்.

"சொல்லுங்க மச்சான். சித்தெ இருங்க, வெளிய வாரேன்."

"வெளிய வா, உள்ளார போ. டிக்கிய என்ன பண்ணி வெச்ச?"

"என்னாச்சுங்க?"

"தெறக்க மாட்டேங்குது. அத்தாச்சோடு பழத்த உள்ளார திணிச்சு, மேல உக்காந்து அமுக்குனா பூட்டு என்னத்துக்கு ஆவும்? நாளன்னிக்கு முகூர்த்தம். பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அமுக்குலீங்க மச்சான். மெதுவாத்தான் மூடுனேன்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அய்யோ, அப்பிடிச் சொல்லுலீங்க."

"ஓசி வண்டின்னா இப்பிடித்தான். சொந்தமா நாலு சக்கரம் வெச்சிருந்தாத்தான அருமை தெரியும். தறி ஓட்டறவனுக்கு எல்லாமே அடிச்சு ஓட்டற சாமான்தான்!"

டிரைவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ராசுவும் டம்ளர்களோடு சேர்ந்து குலுங்கினார்.

சிரிப்பு போனிலும் கேட்டிருக்கும். பிறகு மாதேஷ் அதே குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலைல சேலம் போயி பழைய சாமான் கடைல பூட்டுப் பாத்து வாங்கியாரனுங்க மச்சான். நானே மாட்டித் தந்தர்றேன். நீங்க வெசனப்படாதீங்க."

போனை வைத்த பிறகுதான் பூபதிக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை அவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறார். இன்றைக்கு, அதுவும் ஆட்கள் முன்னால், வாயில் 'நீ' வந்துவிட்டது. சரி, கோபத்தில் வந்தது, போகட்டும் என்று ஓஸை அளந்து வெட்டப் போனார். வெட்டியது கோணலாகப் போனது.

மறுநாள் காலை கடையை வேலையாள் பார்த்துக்கொள்ள, பூபதி டிக்கியோடு உட்கார்ந்தார். சேலத்திலிருந்து பூட்டு வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் வந்தாலும் மூடி திறந்தால்தானே மாட்ட முடியும். தவிர, மாதேஷ் வருவதற்குள், அவர் அமுக்கியதில் வளைந்திருக்கும் பூட்டு நாக்கைக் கழற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. 'பாருங்க' என்று காட்டிவிட்டால் நேற்றுப் பேசியது கொஞ்சம் நியாயமாகிவிடும்.

வெளியிலிருந்து உடைத்தால் பெயின்ட் போய்விடும். அதனால் உள்ளிருந்து போகத் தீர்மானித்தார். பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். சாயும் பலகையின் திருகுகளைக் கழற்றினார். அதன் பின்னால் அடித்திருந்த அட்டையைப் பெயர்த்தார். தகரச் சட்டத்துக்கு நடுவே ஓர் ஆளின் தலையும் தோளும் நுழையும் அளவுக்குச் சந்து. அதன் வழியே வந்த நாற்றத்துக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

டார்ச் அடித்துப் பார்த்தார். பழம் பூட்டுக்குப் பக்கத்திலேயே இல்லை. ஒரு மூலையில், ஸ்டெப்னி டயரோடு சேர்த்து, அசையாதபடி தறி நூல் கயிற்றால் கட்டி வைத்திருந்தது. அவர் சொன்னதுபோல் அத்தாச்சோடு பெரிய பழமும் இல்லை. இடுப்பில் வைத்துத் தூக்கலாம், அவ்வளவுதான். கீழே சாக்கு. சாக்குக்கும் கீழே, டிக்கியில் கறை படக்கூடாதென்று, புதுத் துண்டு ஒன்று நான்காக மடித்து விரித்திருந்தது. கரையைப் பார்த்தாலே தெரிந்தது, அவர்கள் தறியில் நெய்தது.

பூபதி டார்ச்சை அணைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே குப்புறக் கிடந்தார். 'பழம் இடிக்காட்டி என்ன, மூடும்போது ஓங்கி அடிச்சிருப்பாரு' என்று நினைத்துக்கொண்டு மறுபடி கையை உள்ளே விட்டார்.

பூட்டை மூடியோடு பிடித்திருந்த போல்ட்டுகளைத் தடவிக் கண்டுபிடித்தார். பார்க்க முடியாது, விரல்தான் கண். சின்ன ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் கால் சுற்றுதான் வரும். பிறகு ஸ்பேனரை எடுத்து, மறுபடி பொருத்தி, மறுபடி கால் சுற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. ஈ காதில் புகுந்தது. கடைசி போல்ட் கழன்று எங்கோ டக்கென்று விழுந்தது. வெளியே வந்து கைப்பிடியை இழுத்தார். பூட்டு கையோடு வந்தது. மூடி முனகிக்கொண்டு மேலே எழுந்தது.

ஈக்கூட்டம் ஒன்று அவர் முகத்தைத் தாண்டிப் பறந்தது. பழம் கறுத்து, வெடித்து, சாக்கில் ஒழுகியிருந்தது. துண்டு எல்லாவற்றையும் குடித்திருந்தது. டிக்கித் தகரத்தில் ஒரு சொட்டு இல்லை.

பூட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் வேலைமேசைக்குப் போனார். முதலில் நாக்கைப் பார்த்தார். விரலால் தடவினார். கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராக இருந்தது. வளையவில்லை, தேயவில்லை. அது மட்டுமில்லை, நாக்கின் மேல் கிரீஸ் இருந்தது. பழைய கிரீஸ் இல்லை. தறிக்குப் போடும் மஞ்சள் கிரீஸ். இந்தக் கடையில் அது கிடையாது. இரவல் வண்டிக்கு யார் கிரீஸ் வைப்பார்கள்? மாதேஷ் வைத்திருக்கிறார். வைத்ததைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அப்படியானால் எங்கே பிடிக்கிறது? சாவி நுழையும் உருளையைத் தனியே பிரித்தார். ஊசியை உள்ளே விட்டுக் கிளறினார். கட்டியாக ஒன்று மேசைமேல் விழுந்தது. ஊசி முனையால் உடைத்தார். மஞ்சள். நடுவே சிவப்புக் கோடு. மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு.

மூக்கருகே கொண்டுபோனார். அத்தனை நாற்றத்துக்கும் நடுவே அது பன்னீரோடு மணத்தது.

சந்தனம். குங்குமம்.

அவர் வைத்தது. அமாவாசைக்கு அமாவாசை அவர் கையால் வைத்தது. பூபதி வீட்டில் பீரோவோ, இரும்புப் பெட்டியோ, கடை ஷட்டரோ, எதற்குப் பொட்டு வைத்தாலும் சரியாகச் சாவித் துளைமேல்தான் வைப்பது. லட்சுமி நுழைகிற வாசல் அது என்று அப்பா காலத்திலிருந்து பழக்கம். தினமும் திறக்கிற பூட்டில் சந்தனம் தங்காது, சாவியோடு உதிர்ந்துவிடும். வாரக்கணக்கில் திறக்காத டிக்கியில் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு வைத்தது கடைசிப் பூச்சு. போதாததற்கு வாராவாரம் ஈரத்துணியால் துடைத்து, வெளியே இருந்ததையும் உள்ளே தள்ளிவிட்டது அவர்தான்.

அமாவாசை அன்றைக்கு மனைவி சித்ராகூடச் சொன்னாள். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள், "ஏனுங்க, ஓட்டைமேலயே அப்பறீங்க, சாவி எங்கீங்க போவும்?" என்றாள். "உனக்கென்ன தெரியும், கற்பூரத்தப் பத்த வை" என்று இவர் சொன்னார்.

கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு அவர் செய்ததை அவரே பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தார். ஒரு தகர டப்பாவில் டீசல் ஊற்றினார். உருளையை அதில் போட்டார். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். ஊசியால் ஒவ்வொரு பள்ளமாகக் கிளறினார். மஞ்சள் கலங்கிய டீசலைச் சாக்கடையில் ஊற்றி, மேலே தண்ணீரும் ஊற்றினார். பூட்டைத் துடைத்து, பாகங்களைச் சேர்த்து, காரில் மாட்டினார். சாவி வெண்ணெயில் போவதுபோல் போனது. மூடினார், திறந்தார். 'டக்' என்று அழகான சத்தம்.

சித்ரா பழத்தை அள்ளக் கூடையோடு வந்தாள். "தெறந்துருச்சுங்களா? என்னவாமா?"

"துரு" என்றார்.

மத்தியானம் ஆவதற்குள் மாதேஷ் வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். கொட்டகைக்குள் நுழைந்ததும் திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"தெறந்துட்டீங்களா மச்சான்! நல்லதாப் போச்சு. கடை கடையா ஏறி எறங்கிட்டனுங்க. இந்த மாடலுக்குக் கைப்பிடி கெடைக்குது, பூட்டுக் கெடைக்கறதில்ல. கடைசில ஒருத்தரு ஒடைக்க வெச்சிருந்த வண்டில கழட்டிக் குடுத்தாரு." பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நாக்கு வளைஞ்சிருந்துச்சுங்களா?"

இப்போது சொல்லியிருக்கலாம். வாயருகே வந்தது.

"இல்ல. துரு."

"அதானுங்க. அன்னைக்கு மலையேறும்போதே கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. கிரீஸ் வெச்சேன். நாக்குக்கு மட்டும் வெச்சுட்டேன் பாருங்க, சாவி போற எடத்துக்கும் விட்டிருக்கோணும். என்ற தப்புதானுங்க."

சொல்லிக்கொண்டே மாதேஷ் சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்த்தார். திருப்பினார், திறந்தது. இன்னொரு முறை. மூன்றாம் முறை சாவியை வெளியே இழுத்தபோது சற்று நிறுத்தினார். சாவியின் பல்லில், எந்த மூலையிலோ ஒளிந்திருந்த துளி மஞ்சள். அதில் ஒரு புள்ளி சிவப்பு.

மாதேஷ் அதைக் கட்டைவிரலில் எடுத்தார். பார்த்தார். தறியில் நூல் எங்கே அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவர் அவர். விரலிலிருந்து பார்வை மெதுவாக எழுந்து, கார் முகப்பில் துடைத்த பிறகும் தங்கியிருந்த அமாவாசைப் பொட்டுக்குப் போனது. பூபதியின் முகத்துக்கு மட்டும் வரவில்லை. கட்டைவிரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"துருதானுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ராசு டீயோடு வந்தார். "அட, வாங்க மாப்ள! ஓசி வண்டிக்குச் சொந்தப் பூட்டா? இப்பத்தான் அருமை தெரிஞ்சுதாட்ட இருக்குது!"

அது பூபதியின் வார்த்தை. அவர் கடையில் பிறந்து, ஒரே ராத்திரியில் டீக்கடைவரை போய்த் திரும்பி வந்திருந்தது.

மாதேஷ் சிரித்தார். "ஆமாங்கண்ணா. கத்துக்கறதுதானுங்களே."

பூபதி டீயை வாங்கி ஊதினார். ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

சித்ரா இலை போட்டுவிட்டு வந்து கூப்பிட்டாள். மாதேஷ், "தறி நிக்குதுங்கக்கா, இன்னொரு நாளைக்கு வாரேன்" என்றார். அந்த வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் போனதே இல்லை. "வாங்க, வண்டில கொண்டாந்து உடறேன்" என்று பூபதி எழுந்தார். "வேண்டாங்க மச்சான், நாளைக்கு முகூர்த்த வண்டி, கழுவோணுமில்ல?" என்று சொல்லிவிட்டு மாதேஷ் சாலையைக் கடந்தார். வாங்கிவந்த பூட்டைச் செய்தித்தாளோடு வேலைமேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார், என்றைக்காவது உதவும் என்று.

பஸ் போன பிறகும் சித்ரா வாசலிலேயே நின்றாள். பிறகு கையிலிருந்ததை நீட்டினாள். அந்தப் பல் பிரஷ்.

"துரு மஞ்சளா இருக்குமுங்களா?"

பூபதி பிரஷ்ஷை வாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானாச்சும் ஓட்டைல வெக்காதீங்கன்னு சொன்னேன். அவரு பாவம், என்னத்தச் சொன்னாரு? போட்ட எலையத் தாண்டிப் போறாருங்க அந்த மனுசன்." பிரஷ்ஷை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். "நீங்க போயி அந்த எலைல உக்காந்து தின்னுங்க."

அவர் தின்னவில்லை. காரைக் கழுவினார். டிக்கியை மூன்று தடவை கழுவியும் வாசம் போகவில்லை. வெயிலில் திறந்து வைத்துவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தார். மாதேஷுக்குப் போன் செய்ய எடுத்தார், வைத்தார். சொல்லி என்ன, அவருக்குத்தான் தெரியுமே என்று ஒரு நினைப்பு. தெரிந்தவர் மறைத்தாரே என்று அதற்கு மேல் ஒரு நினைப்பு. எப்படிப் புரட்டிப் போட்டாலும் அடியில் அந்த ஒரே முகம், கட்டைவிரலைத் துடைத்துக்கொண்ட முகம்.

பொழுது சாயும்போது கடையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நேற்றைய டிரைவர்கள் ஓஸ் அளவு தப்பென்று மாற்ற வந்திருந்தார்கள். ராசு டம்ளருக்கு வந்தார். அப்போது போன் அடித்தது. சுகன்யா.

பூபதி எடுத்துக் காதில் வைத்தார். தறிச் சத்தம்.

"அண்ணா, பூட்டு செரியாயிருச்சா?"

"ஆச்சு சாமி."

"இவரு வந்ததுல இருந்து ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு. யாரு தப்புன்னு கேட்டா, துருங்கறாரு. சாப்பிட்டீங்களான்னா, ஆச்சுங்கறாரு. அண்ணி போன் பண்ணி, சாப்பிடவே இல்லீங்குது. நெசமாலுமே இவரு கைல கெட்டுப் போயிருந்தாச் சொல்லீருண்ணா. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். இனிமே வண்டி கேக்காம இருந்துக்கறோம்."

பூபதியின் கை சுத்தமாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய கை. இருந்தாலும் போனைக் காதிலிருந்து எடுத்துக் கல்லாப்பெட்டிமேல் வைத்தார். நேற்று வைத்த அதே இடம். விரலால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

தறிச் சத்தம் கடை முழுக்க விழுந்தது. டிரைவர்கள் திரும்பினார்கள்.

"சுகன்யா, மாப்ள எங்கிருக்காரு?"

"தறிக்கிட்டத்தான் நிக்கறாரு. இந்தச் சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேக்காது."

"தறிய நிறுத்தச் சொல்லு."

"இப்பவாண்ணா? துணி நாளைக்குக் குடுக்கோணும்…"

"நிறுத்தச் சொல்லு சாமி. அவரு கேக்கோணும்." ராசு டம்ளர்களோடு கிளம்பப் பார்த்தார். பூபதி கையைக் காட்டி நிறுத்தினார். "ராசு, நீயும் இரு. நேத்து இருந்தியில்ல, இன்னைக்கும் இரு."

சுகன்யா எதையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. ஒரு தறி நின்றது. சத்தம் கொஞ்சம் குறைந்தது. அடுத்தது நின்றது. கடைசித் தறி இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. போனில் ஒரு மின்விசிறி சுற்றுவதும், யாரோ அருகே நடந்து வருவதும் மட்டும் கேட்டன.

"சொல்லுங்க மச்சான்" என்றார் மாதேஷ்.

"மாப்ளைங்க," என்று ஆரம்பித்தார் பூபதி. "அது துரு இல்லீங்க."